கதை இல்லை என்போருக்கு: ‘டார்க் சோல்ஸ்’ பாத்திரப் படைப்பு குறித்து ஒரு மறுப்பு

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், ஹிடெடாகா மியாசாகியின் இயக்கத்தில் 2011 செப்டம்பரில் வெளியிட்ட ‘டார்க் சோல்ஸ்’ என்னும் வீடியோ கேமைப் பற்றி, அதைப் போற்றுவோரும் பழிப்போரும் ஏறத்தாழ ஒரே குரலில் சொல்லும் கருத்து ஒன்று நிலைபெற்றுவிட்டது. சண்டையும் நில அமைப்பும் ஈடற்றவை என்றாலும் கதை என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றுமில்லை, இருப்பதெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் குறிப்புகளே, எதிர்ப்படும் மனிதர்களோ நாலு வரி பேசி, காரணமின்றி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறைகிற அட்டைப் பொம்மைகள் என்பது அக்கருத்தின் சாரம். பழிப்போர் இதைக் குறையாகச் சொல்கின்றனர். போற்றுவோர் இதையே ஒப்புக்கொண்டு, கதை கிடக்கட்டும், ஆட்டத்தைப் பாருங்கள் என்கின்றனர். இரு தரப்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பதும், இருண்ட மிகுபுனைவு வகையில் மிக நுட்பமான பாத்திரப் படைப்புகளில் சில இந்த விளையாட்டில்தான் இருக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இருண்ட மிகுபுனைவு என்பது, மாயமும் அரக்கரும் வீரரும் நிறைந்த கற்பனை உலகிலிருந்து, இறுதியில் நன்மை வெல்லும் என்ற உத்தரவாதத்தை மட்டும் எடுத்துவிட்டால் எஞ்சும் வகைமை. ஆர்.பி.ஜி. என்று ஆட்டக்காரர்கள் சுருக்கமாக அழைக்கும் வகை, அத்தகைய உலகில் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் ஆற்றலைப் படிப்படியாக வளர்த்து, அதன் வழியே நிகழ்ச்சிகளைச் செலுத்தும் விளையாட்டு. இவ்விரண்டும் கலந்த படைப்புகளில் கதைக்கான அளவுகோலை நிறுவியவை பெரும்பாலும் மேற்கத்திய நிறுவனங்களின் ஆக்கங்கள்: 1999இல் வந்த ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’, கனடாவின் பயோவேர் 2009இல் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’, போலந்தின் சிடி ப்ரொஜெக்ட் ரெட் 2015இல் வெளியிட்ட ‘தி விட்சர் 3’ ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. மூன்றிலும் பாத்திரங்கள் நிறையப் பேசுகின்றன. ஆட்டக்காரருக்கு மறுமொழிகளின் பட்டியல் ஒன்று தரப்படுகிறது. அவர் எதைத் தேர்கிறார் என்பதற்கேற்ப உரையாடல் கிளை பிரிகிறது. இந்த முறையில் பழகிய கண்ணுக்கு, பேச்சு குறைந்த இடத்தில் பாத்திரமே இல்லை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒரு முறையின் சிறப்பை எல்லா முறைகளுக்குமான இலக்கணமாக்கிவிடுவது திறனாய்வாகாது.

போற்றுவோரின் பிழை இதைவிடச் சுவையானது. ‘டார்க் சோல்ஸில்’ வாள், மோதிரம், கவசம் என ஆட்டக்காரர் கைக்கொள்ளும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று நான்கு வரிகளில் ஒரு பொருட்குறிப்பு உண்டு. அக்குறிப்புகளைத் திரட்டி, காலவரிசைப்படி அடுக்கி, இன்ன அரசன் இன்ன நாகத்தோடு போரிட்டான், இன்னவள் இன்னவனின் மகள் என்று ஒரு புராணத்தைத் தொகுத்துவிட்டு, இதோ கதை என்று காட்டுவது ரசிகர்களின் வழக்கம். அவர்கள் ‘லோர்’ என்று அழைக்கும் இந்தத் தொகுப்பு உண்மையில் பின்கதை. அதாவது, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்தவற்றின் வரலாறு. பின்கதை வேறு, கதை வேறு என்பதற்கு இதே நிறுவனத்தின் நடைமுறையே சான்று: 2022இல் வெளிவந்த ‘எல்டன் ரிங்’ விளையாட்டுக்கு அந்த உலகின் தொல்வரலாற்றை எழுதித் தந்தவர் அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், ஆட்டத்துக்குள் நிகழும் கதையையும் பாத்திரங்களின் பேச்சையும் எழுதியவர்கள் மியாசாகியின் குழுவினர். பழிப்போர் பின்கதையைப் பார்த்துவிட்டுக் கதை இல்லை என்கின்றனர். போற்றுவோர் பின்கதையைக் காட்டிக் கதை இருக்கிறது என்கின்றனர். கதை நிகழும் இடத்தை இருவருமே பார்க்கவில்லை.

அகப்பாடல்களைப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு புதிதன்று. பாடல் ஒருவர் மற்றொருவரிடம் சொல்லும் கூற்று மட்டுமே. இன்ன சூழலில் இன்னார் சொன்னது என்ற குறிப்பைப் பிற்காலத்தில் தொகுத்தோர் அடியில் சேர்த்தனர். அக்குறிப்பையே பாடல் என்று கொள்வாரும் இல்லை, கூற்று சுருங்கியிருப்பதால் அதில் ஆள் இல்லை என்பாரும் இல்லை.

இனி விளையாட்டுக்குள் செல்லலாம். லோர்ட்ரான் என்னும் நிலத்தில் நடமாடும் மனிதர்கள் ஒரு சாபத்தால் சாவு மறுக்கப்பட்டவர்கள். வெட்டுண்டு வீழ்ந்தாலும் அவர்கள் மறுபடி எழுகின்றனர். ஆனால் எழுந்தும் வீழ்ந்தும், எதற்காக நடக்கிறோம் என்ற எண்ணம் ஒருநாள் கைநழுவிவிட்டால், அறிவு திரிந்து, எதிர்ப்பட்டவரையெல்லாம் தாக்கும் வெற்றுடலாகிவிடுகின்றனர். விளையாட்டு இந்நிலையை ‘ஹாலோ’ என்கிறது. இங்கே வெறுங்கூடு என்று வழங்கலாம். ஆட்டக்காரர் இயக்கும் பாத்திரமும் இதே சாபத்துக்குட்பட்டது. பல விளையாட்டுகளில் ஆட்டக்காரர் தோற்றுத் திரும்பத் தொடங்குவது கதைக்கு வெளியே நிகழும் ஏற்பாடு. கதைக்குள் நாயகன் சாகவே இல்லை என்று பாவனை செய்யப்படும். இங்கே ஒவ்வொரு சாவும் கதைக்குள் நிகழ்ந்த சாவு. கணப்பருகே மறுபடி கண்விழிப்பதும் கதையின் ஒரு நிகழ்ச்சி. வெறுத்துப்போய் ஆட்டத்தையே கைவிட்டவரின் பாத்திரம் அந்த உலகின் விதிப்படி வெறுங்கூடாகிவிட்டது என்று கொள்வதற்கும் இது இடம் தருகிறது.

இந்த ஒரு விதி பாத்திரப் படைப்புக்குச் செய்யும் உதவி பெரிது. வழியில் சந்திக்கும் ஒவ்வொரு மனிதரைப் பற்றியும் ஒரே கேள்வி எழுகிறது: எதைப் பற்றிக்கொண்டு இவர் இன்னும் சித்தம் கலங்காமல் நிற்கிறார்? அந்தப் பிடி நழுவப்போகும் இடம் எது? நீண்ட தன்வரலாற்றுப் பேச்சு இங்கே தேவைப்படாததற்குக் காரணம் இதுதான். பெருந்தொப்பி லோகன் அறிவைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். நூலகத்தில் புத்தகங்களுக்கிடையே உட்கார்ந்து, சந்திக்கச் சந்திக்கப் பேச்சு குழறி, கடைசியில் ஆடை களைந்த பித்தராக ஆட்டக்காரரையே தாக்குகிறார். ஃபயர்லிங்க் என்னும் இடத்தில் கணப்பருகே உட்கார்ந்து, எல்லாம் வீண் என்று வருவோர் போவோரை ஏளனம் செய்துகொண்டே இருக்கும் பெயரில்லாத வீரன், தானும் ஒருநாள் எழுந்து போகிறான். அடுத்து அவனைக் காணும்போது அவனே வெறுங்கூடு. விமர்சகர்கள் கேலி செய்யும் அந்தச் சிரிப்பும் இங்கே நினைத்துப் பார்க்கத் தக்கது. பேச்சின் இறுதியில் சிரிப்பவர்களுள் பலர் எதையோ மறைப்பவர்கள் அல்லது உள்ளே விரிசல் விட்டவர்கள். எல்லாச் சிரிப்புக்கும் இது பொருந்திவிடும் என்று சாதிக்க வேண்டியதில்லை. சில இடங்களில் அது வெறும் பழக்கதோஷம்தான்.

மறுப்புக்கு வலுவான சான்று சீக்மயர் என்னும் முதிய வீரர். காட்டரீனா நாட்டினர் அணியும், வெங்காயத்தைப் போல் உருண்ட கவசத்துக்குள் இருக்கும் இவரை ஆட்டக்காரர்கள் நகைச்சுவைப் பாத்திரமாகவே நினைவில் வைத்திருக்கின்றனர். சென் கோட்டையின் மூடிய வாயிலுக்கு முன்னால் அவர் முதலில் எதிர்ப்படுகிறார். கதவு திறக்கவில்லை, என்ன செய்வதென்று யோசிக்கிறேன் என்று சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேலே ஒன்றும் பாதாளத்தில் ஒன்றுமாக உள்ள இரண்டு மணிகளை ஆட்டக்காரர் அடித்தபின் கதவு திறக்கிறது. கோட்டைக்குள் போனால், உருண்டோடி வரும் பாறைகளைப் பார்த்தபடி மறுபடியும் யோசனையில் இருக்கிறார். தேவர்களின் நகரமான அனோர் லோண்டோவில், அடுத்த அறையில் வெள்ளிக் கவச வீரர்கள் நிற்க, உள்ளே நுழைய வழி தேடி யோசிக்கிறார். ஆட்டக்காரர் அவர்களைக் கொன்று முடித்ததும் நன்றி சொல்லி ஒரு மோதிரத்தைத் தருகிறார். பிளைட்டவுன் என்னும் நச்சுச் சதுப்பில் பாசி உருண்டை கேட்கிறார்; நஞ்சை முறிக்க அது வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர் உதவுகிறார். ஒவ்வொரு முறையும் அவர் கவசத்துக்குள்ளிருந்து வாய்விட்டுச் சிரித்து நன்றி சொல்கிறார்.

இவ்வளவையும் கேலியாகவே கண்டு வந்தவர், லாஸ்ட் இஸலித் என்னும் எரிமலைப் பகுதியில் சற்றே திடுக்கிட நேரும். கீழே ஒரு பள்ளத்தில் கொடிய உயிர்கள் கூட்டமாக நிற்கின்றன. இம்முறை சீக்மயர் யோசிக்கவில்லை. இதுவரை பெற்ற உதவிகளுக்கெல்லாம் கைம்மாறாகத் தான் குதித்து அவற்றைத் தன் பக்கம் இழுப்பதாகவும், அந்த இடைவெளியில் ஆட்டக்காரர் தப்பிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் குதிக்கிறார். ஆட்டக்காரர் என்ன செய்வார்? பெரும்பாலோர் தாமும் குதித்து, உயிர்களைக் கொன்று, அவரைக் காப்பாற்றிவிடுகின்றனர். நல்லது செய்தோம் என்று மகிழ்கின்றனர். பல மணி நேரம் கழித்து, ஆஷ் லேக் என்னும் பாதாள ஏரியின் சாம்பல் கரையில், அவருடைய மகள் சீக்லிண்டே தந்தையின் உடலருகே நிற்கிறாள். தந்தை வெறுங்கூடாகிவிட்டார், அவரை அடக்கியவள் அவளே. 

ஏன் அவர் வெறுங்கூடானார் என்று விளையாட்டு ஓரிடத்திலும் சொல்வதில்லை. சொல்லத் தேவையுமில்லை. சாகசத்தைத் தேடி வீட்டை விட்டு வந்த ஒரு வீரரிடமிருந்து, அவர் திறக்க வேண்டிய கதவையும் கொல்ல வேண்டிய பகைவரையும், கடைசியில் அவர் தேர்ந்துகொண்ட வீரச் சாவையும்கூட, உதவி என்ற பெயரில் ஒருவர் பறித்துக்கொண்டே வந்திருக்கிறார். அந்த ஒருவர் ஆட்டக்காரர். கொடுப்பவரின் கை மேலாக இருக்கும்போது வாங்குபவரின் மானம் என்னவாகிறது என்பதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் பாராட்டியிருப்பவர்கள், ஆட்டக்காரரின் சொந்தச் செயலால் அதை எழுதிக் காட்டிய படைப்பைக் கதையற்றது என்கின்றனர். இங்கே உரையாடல் பட்டியல் ஒன்று தரப்பட்டு, ‘உதவி செய்’, ‘உதவி செய்யாதே’ என்று இரண்டு வரிகள் திரையில் தோன்றியிருக்குமானால், ஆட்டக்காரர் ஒரு தேர்வை எதிர்கொள்வதாக உணர்ந்து எச்சரிக்கையாகியிருப்பார். தேர்வு என்ற அறிவிப்பே இல்லாமல், வழக்கமான நல்லெண்ணத்தால் நடந்துவிட்ட செயல் என்பதால்தான் அது பின்னால் உறுத்துகிறது.

இதன் மறுமுகம் லாட்ரெக். அழகிய பொற்கவசம் அணிந்த இவன் ஒரு சிறையறையில் இருக்கிறான். ஆட்டக்காரர் திறந்துவிட்டால் நன்றி சொல்லி, ஃபயர்லிங்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். எல்லா வழிகளும் கூடும் அந்த இடத்தின் கணப்புக்குக் கீழே, ஒரு கம்பியறைக்குள், நாவறுக்கப்பட்ட அனஸ்டேசியா என்னும் பெண் தீக்காவலாக இருக்கிறாள். ஒருநாள் ஆட்டக்காரர் களைத்துத் திரும்பும்போது கணப்பு அணைந்து கிடக்கிறது. கீழே அவள் செத்துக் கிடக்கிறாள். யார் கொன்றார் என்று திரையில் எந்த அறிவிப்பும் வருவதில்லை. லாட்ரெக் உட்கார்ந்திருந்த இடம் வெறுமையாக இருக்கிறது, அவ்வளவே. இழப்பு உணர்ச்சி அளவில் மட்டும் நிற்பதில்லை. ஆட்டக்காரர் இளைப்பாறி வந்த ஒரே மையம் அணைந்துபோகிறது, அதனால் வழிகள் நீள்கின்றன, காரியங்கள் கெடுகின்றன. ஒரு துணைப் பாத்திரத்தின் சாவு ஆட்டக்காரரின் அன்றாடத்தில் இவ்வளவு ஆழமாக வெட்டுவது இந்த வகைமையில் அரிது. பின்னர் அவளுடைய ஆன்மாவை மீட்டுக் கொடுத்தால் அவளுக்குக் குரல் திரும்புகிறது. ஆனால் முதல் பேச்சிலேயே, பேசாதிருப்பதே தனக்குத் தகும் என்கிறாள். செய்த நன்மைக்கு மகிழ்ச்சியான பரிசு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பை அவளுடைய சில சொற்கள் சத்தமின்றித் தட்டிவிடுகின்றன.

பொருட்குறிப்புகளே கதை என்ற வாதத்தை விளையாட்டே பொய்யாக்கும் இடம் ஆர்டோரியாஸ் வரலாறு. முதன்மை ஆட்டத்தில் இவர் காலத்தால் முற்பட்ட மாவீரர். பாதாள இருளில் நடந்து அதை வென்றவர் என்ற புகழ் அவரைச் சார்ந்த பொருட்குறிப்புகளில் நிலைத்திருக்கிறது. அவருடைய கல்லறையைக் காத்து நிற்பது சிஃப் என்னும் பெருத்த ஓநாய். தலைவரின் பெருவாளை வாயில் கவ்விக்கொண்டு அது ஆட்டக்காரரோடு போரிடுகிறது. உயிர் குறையும்போது அதன் கால் நொண்டுகிறது. பாய முயன்று தடுமாறுகிறது. ஆட்டக்காரர் அடிக்கத்தான் வேண்டும், அடித்தால்தான் வழி. 2012இல் வந்த கூடுதல் பகுதி ஆட்டக்காரரைப் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிக் கொண்டு செல்கிறது. அங்கே ஆர்டோரியாஸ் இருளை வென்றவர் அல்லர். இருளால் விழுங்கப்பட்டு, ஒரு கை ஒடிந்து தொங்க, வெறிபிடித்து ஆட்டக்காரர் மீது பாய்பவர். இருளை வெல்வது ஆட்டக்காரர்; புகழ் மட்டும் ஆர்டோரியாஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. காப்பாற்றப்பட்ட டஸ்க் இளவரசியே, தன்னை மீட்டவர் அவர்தாம் என்று சொல்லிவிட்டு, அந்த நினைவு அவ்வளவு தெளிவானதன்று என்றும் சேர்த்துச் சொல்கிறாள். எழுதி வைக்கப்பட்ட வரலாறு நம்பத்தக்கதன்று என்று இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் படைப்பில், அந்த வரலாற்றையே கதையின் உடலாகக் கொள்வது எப்படிப் பொருந்தும்?

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் இன்னொன்றும் உண்டு. கூடுதல் பகுதியில் குட்டியாக இருந்த சிஃப்பைக் காப்பாற்றிவிட்டு, அதன் பிறகு முதன்மை ஆட்டத்தின் கல்லறைக்குப் போகிறவருக்குச் சண்டைக்கு முன் வரும் காட்சி மாறிவிடுகிறது: ஓநாய் அருகில் வந்து முகர்ந்து பார்த்து, அடையாளம் கண்டு, ஊளையிட்டு, அதன் பிறகே வாளை எடுக்கிறது. தெரிந்தே போரிடுகிறது. ஒரு சொல்கூடப் பேசாத விலங்குக்கு, கடமைக்கும் நன்றிக்கும் இடையே நிற்கும் நிலையை அமைத்துவிட்ட எழுத்தாளர்களிடம் பாத்திரம் படைக்கும் திறன் இல்லை என்பதைவிடப் பொறுப்பற்ற தீர்ப்பு இருக்க முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ‘தி விட்சர் 3’இல் வரும் பிலிப் ஸ்ட்ரெங்கர் என்னும் ‘குருதிப் பிரபு’, குடித்து மனைவியை அடித்து, குடும்பம் சிதைந்தபின் அவர்களைத் தேடச் சொல்லும் ஒரு சிற்றூர்த் தலைவன். அவனுடைய பேச்சு தன்னை நியாயப்படுத்துவதும் தன்னையே வெறுப்பதுமாக ஊசலாடுவது உயர்ந்த எழுத்து. அதை மறுப்பார் யாருமில்லை. ஆனால் அக்கதையில் எல்லாருக்கும் நினைவில் நிற்கும் பகுதி எது? கருவிலேயே இழந்து, முறையாக அடக்கம் செய்யப்படாததால் பேயுருவான குழந்தையை, அவன் தன் கைகளில் ஏந்தி இரவில் வீட்டு வாசலுக்கு நடக்கிறான். வழியில் ஆவிகள் தாக்குகின்றன. ஆட்டக்காரர் அவற்றோடு போரிட்டுக்கொண்டே, குழந்தை சீறும்போதெல்லாம் மந்திரத்தால் அமைதிப்படுத்த வேண்டும். வாசற்படியின் கீழே புதைக்கும்போது அவன் அதற்குப் பெயரிட வேண்டும். பக்கம் பக்கமான உரையாடல் கட்டியெழுப்பியதை முடித்துவைப்பது ஒரு நடை, ஒரு சுமை, ஒரு செயல். பேச்சு மிகுந்த முறையின் தலைசிறந்த எடுத்துக்காட்டே, உச்சத்தில் ‘டார்க் சோல்ஸ்’ முழுவதும் கையாளும் வழியைத்தான் நாடுகிறது. இரண்டும் பகை முறைகள் அல்ல. ஒன்றை வைத்து மற்றொன்றை இழிவுபடுத்துவது வெறும் சோம்பல்.

கதையைப் பலர் காணாமலேயே ஆட்டத்தை முடித்துவிடுகின்றனர், தவறவிடக்கூடிய கதை எப்படி நல்ல கதையாகும் என்ற தடை அடுத்து எழுப்பப்படும். இதற்கு விடை சோலேர் என்னும் வீரரிடம் இருக்கிறது. சூரியனை நோக்கிக் கைகளை உயர்த்தி வணங்கும் இவர் இன்று சட்டைகளில் அச்சாகும் வேடிக்கைப் படமாகிவிட்டார். தனக்கென ஒரு சூரியனைத் தேடி வந்தவர் அவர்; தேடல் தோற்று, லாஸ்ட் இஸலித்தில் ஒளிரும் ஒரு புழுவைத் தலையில் சூடிக்கொண்டு, சூரியன் கிடைத்துவிட்டது என்று பிதற்றியபடி ஆட்டக்காரரைத் தாக்குவதே பெரும்பாலோர் காணும் முடிவு. இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. பிளைட்டவுனின் அடியில், நோயால் உருக்குலைந்து, அசைய இயலாமல் கிடக்கும் ஒரு பெண் இருக்கிறாள். விளையாட்டில் ‘மானுடம்’ என்று பெயர்பெற்ற அரிய பொருளை 30 எண்ணிக்கையில் அவளுக்குக் கொடுத்தால் ஒரு குறுக்குவழி திறக்கும். அதன் வழியே முன்னதாகச் சென்று அந்தப் புழுவைக் கொன்றுவிடலாம். அதற்கென உள்ள ஒரு மோதிரம் அணியாமல் போனால் அவளுடைய பேச்சே ஆட்டக்காரருக்கு விளங்காது; அணிந்து போனால், அவள் தன்னைக் காண வந்தவரைத் தன் அக்காள் குவேலாக் என்று எண்ணிப் பேசுவது தெரியும். அந்த அக்காளைக் கொன்றுதான் ஆட்டக்காரர் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

பயன் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத நிலையில், தன்னால் உடன்பிறந்தாளை இழந்த ஒரு நோயாளிக்குத் தன்னிடமுள்ள அரிய பொருளைக் கொடுத்துக்கொண்டே இருப்பவருக்கு மட்டும் நண்பனின் சித்தம் மீட்கப்படும் வாய்ப்பு அமைகிறது. இந்த முடிவு எல்லாருக்கும் கிடைக்குமாறு வழிகாட்டி அம்புக்குறியோடு வைக்கப்பட்டிருந்தால், கொடை கணக்குத் தீர்க்கும் வேலையாகிவிடும், பொருளே கெட்டுவிடும். தவறவிடும் வாய்ப்பு இங்கே கதையின் ஓர் உறுப்பு. பயனை எதிர்பார்த்து, வழிகாட்டி நூலைப் புரட்டி இதைச் செய்கிறவர்களே மிகுதி என்று இடைமறிக்கலாம்; உண்மைதான், ஆனால் துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவருக்காக அதன் ஆசிரியரைக் குறை சொல்வதில்லை.

மியாசாகி இளமையில் தம் வாசிப்புத் திறனுக்கு மீறிய ஆங்கில மிகுபுனைவு நூல்களைப் படித்து, விளங்காத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டார் என்பது அவரே நேர்காணல்களில் சொன்ன செய்தி. இதைப் பற்றிக்கொண்டு, இடைவெளி விடுவதே அவருடைய உத்தி, எதையும் எழுதாமல் விட்டுவிட்டு ஆட்டக்காரர் தலையில் வேலையைக் கட்டுகிறார் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. இடைவெளிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. நெருப்பின் யுகம் நீடிப்பது நல்லதா, தேவர்களின் தலைவனுடைய பெயர் அழிக்கப்பட்ட முதல் மகன் யார் என்பன போன்ற உலகியல் கேள்விகள் திறந்தே விடப்பட்டுள்ளன. சீக்மயர் எப்போது குதிக்கிறார், லாட்ரெக் எங்கே உட்கார்கிறான், சிஃப் எந்தக் காலை ஊன்றுகிறது என்பன மிகத் துல்லியமாக எழுதப்பட்டுள்ளன. பிரபஞ்சம் மங்கலாகவும் மனிதர் தெளிவாகவும் இருப்பது நல்ல புனைவின் இலக்கணமே தவிர, எழுதாமல் தப்பித்துக்கொண்டதன் அடையாளம் அன்று.

இறுதிப் பகைவனான க்வின் படைக்கப்பட்ட விதம் இதற்கு மற்றோர் உரைகல். தேவர்களின் தலைவன், தன்னையே விறகாக்கி நெருப்பை வளர்த்தவன் என்று தொடக்கம் முதல் பெருமை பேசப்படும் இவனைக் காண, சாம்பல் மூடிய வெளியைக் கடந்து போனால், எரிந்து கருகிய ஒரு கிழவன் வாளோடு ஓடி வருகிறான். அவனும் வெறுங்கூடு. பெருஞ்சண்டைகளுக்கு வழக்கமான பேரிசைக்குப் பதிலாக, மோட்டோய் சகுராபா அமைத்த பியானோ இசை மெல்ல ஒலிக்கிறது. சண்டை முடிந்தபின் கேள்வியும் பதிலுமாக எந்தப் பட்டியலும் வருவதில்லை. அங்குள்ள கணப்பைத் தொட்டு மூட்டினால் ஒரு முடிவு, தொடாமல் திரும்பி வெளியே நடந்தால் இன்னொரு முடிவு. ஆட்டத்தின் ஆகப் பெரிய தேர்வையும் கால்களாலேயே செய்யவைத்திருக்கும் ஒழுங்கு, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை குலையாமல் காக்கப்பட்டிருக்கிறது.

குறைகளை மூடி மறைக்கத் தேவையில்லை. லாஸ்ட் இஸலித் பகுதியின் அமைப்பு அவசரக் கோலம். சீக்மயரும் சோலேரும் தம் விதியைச் சந்திக்கும் இடமே ஆட்டத்தின் மிக மெலிந்த இடமாக இருப்பது வருந்தத்தக்கது. பெண் பாத்திரங்களில் பலர் அடைபட்டும் ஊனப்பட்டும் நோயுற்றும் பிறர் வந்து உதவக் காத்திருப்பவர்களாகவே படைக்கப்பட்டிருப்பது இதைவிடப் பெரிய குறை. சீக்லிண்டே போன்ற விதிவிலக்கு அதை ஈடுசெய்துவிடாது. தந்தையைத் தேடி வந்து, தானே அவரை முடித்துவைக்க நேர்ந்த அந்தப் பெண்ணின் வழிப்பயணத்தை ஆட்டக்காரர் உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு இன்னும் கூடுதலாக அமைந்திருக்கலாம். இவை படைப்பைப் படித்துவிட்டுச் சொல்லத்தக்க குறைகள். கதையே இல்லை என்பது படிக்காமலே சொல்லப்படும் குறை. அதற்கும் இவற்றுக்கும் உறவில்லை.

வாசகர் ஒன்றைக் கேட்கும் உரிமை உடையவர். ‘டார்க் சோல்ஸில்’ கதையும் பாத்திரமும் இல்லை என்று இனி எழுத முற்படுவோர், சீக்மயரை எத்தனை இடங்களில் சந்தித்தார்கள், அவர் குதித்தபோது தாமும் குதித்தார்களா, நோயாளிப் பெண்ணின் பேச்சைக் கேட்கும் மோதிரத்தை அணிந்தார்களா என்பவற்றையும் அக்கட்டுரையிலேயே தெரிவித்துவிட்டுத் தம் தீர்ப்பை வழங்கட்டும்.